முள்ளெலி பெண்ணான கிழமை

அன்று காலை நான் முள்ளெலியின் வலது கைக்குப் பழுப்பு நிறம் பூசிக்கொண்டிருந்தேன். எங்கள் மேற்பார்வையாளர் தேநீர்க் கோப்பையோடு வந்து மேசைகளுக்கு நடுவே நின்றார். நாற்பதைத் தாண்டிய வெள்ளைக்காரப் பெண்மணி, எதையும் அவசரமில்லாமல் சொல்பவர். எல்லோரும் ஒரு நிமிடம் தூரிகையைக் கீழே வையுங்கள் என்றார். வைத்தோம்.

"நேற்றுப் பின்னேரம் முடிவாகிவிட்டது. முள்ளெலி இனி ஆண் இல்லை. பெண்."

யாரோ சிரித்தார்கள். பின்வரிசையில் ஒருத்தி கை தட்டினாள். நான் எனக்கு முன்னால் கிடந்த பிளாஸ்டிக் தாளைப் பார்த்தேன். ஒரு கை தீட்டி முடிந்திருந்தது. மற்றக் கை வெறும் கோடாகக் கிடந்தது.

"அப்படியென்றால் இதை என்ன செய்வது?" என்று கேட்டேன்.

"தொடர்ந்து தீட்டுங்கள். நிறம் அதேதான்," என்றார்.

ஆணாகத் தொடங்கிய முள்ளெலியைப் பெண்ணாகத் தீட்டி முடித்தேன். இரண்டு கைக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் ஒக்லாந்துக்கு வந்து இரண்டு குளிர்காலம் போயிருந்தது. கொழும்பில் நான் ஓர் அரசாங்கத் திணைக்களத்தில் வரைபடங்களைப் பிரதியெடுக்கும் வேலை பார்த்தவள். பொறியியலாளர்கள் பென்சிலால் வரைந்த வீதிகள், மதகுகள், வடிகால்களின்மேல் மெல்லிய தாளை வைத்து மையால் கோடு இழுக்க வேண்டும். கை நடுங்கக்கூடாது. இங்கே வந்தபின் அந்த நடுங்காத கைதான் எனக்கு வேலை வாங்கித் தந்தது. கே ரோட் என்ற கடைத்தெருவில் ஒரு கம்பளக் கடைக்கு மேல்மாடியில் சின்ன ஸ்டூடியோ ஒன்று கார்ட்டூன் தொடர் தயாரித்துக்கொண்டிருந்தது. அப்போதெல்லாம் கணினியில் நிறம் பூசுகிற வழக்கம் எங்கள் இடத்துக்கு வந்திருக்கவில்லை. கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளின் முன்பக்கத்தில் கறுப்புக் கோடுகள் அச்சாகி வரும். நாங்கள் அதைத் திருப்பி வைத்துப் பின்பக்கத்தில் நிறம் பூசுவோம். விரலடையாளம் படாதபடி வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருப்போம். தூரிகை பிடிக்கும் விரல்களுக்கு மட்டும் கையுறையின் நுனியை வெட்டிவிடுவோம்.

நாங்கள் தீட்டியது புதுக் கதை அல்ல. வெகுகாலத்துக்கு முன்னர் இந்நாட்டுத் தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளையில் வந்த ஒரு தொடரை நிறத்தில் மறுபடி எடுத்தார்கள். ஒரு பழைய பயணிகள் படகு, அதில் வேலை பார்க்கும் மிருகங்கள். கப்டன் ஒரு கிழட்டு நீர்க்காகம். சமையற்காரர் பென்குயின். கீழே, இயந்திர அறையில், எண்ணெய் படிந்த உடுப்பும் கம்பளித் தொப்பியுமாக ஒரு முள்ளெலி. படகு எப்போதும் நடுக்கடலில் நின்றுவிடும். முள்ளெலிதான் அதை மறுபடி ஓட வைக்கும். அதற்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்துகிற ஒரு குட்டிப் பெயர் இருந்தது. ஆகவே பெயரை மாற்ற வேண்டிவரவில்லை.

காரணத்தை மேற்பார்வையாளர் அன்று மத்தியானம் சொன்னார். தொடரை வாங்க வந்த வெளிநாட்டுத் தொலைக்காட்சி நிலையம் ஒன்று, படகில் ஒரு பெண்கூட இல்லையே என்று கேட்டிருந்தது. அது நியாயமான கேள்விதான். அந்த அறையில் நிறம் பூசிய நாங்கள் எல்லோருமே பெண்கள். அதுவரை ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

பக்கத்து மேசையில் சென்னையிலிருந்து வந்த பெண் ஒருத்தி இருந்தாள். என்னைவிட இளையவள், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளுக்கு ஒரே சந்தோசம்.

"சூப்பர்ல அக்கா? பொண்ணு மெக்கானிக்! எனக்கு ஒரு பொண்ணு இருந்தா இதைத்தான் பார்க்க வைப்பேன்."

"ஓம், நல்ல விசயம்தான்," என்றேன்.

"அப்புறம் ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

எனக்குத் தெரியவில்லை. மாற்றம் சரி என்றுதான் என் புத்தி சொன்னது. ஆனால் ஐந்து மாதமாக ஒவ்வொரு நாளும் என் கையில் இருந்த ஓர் ஆள் எங்கேயோ போய்விட்டதுபோலவும் இருந்தது. போன ஆளும் வந்த ஆளும் ஒரே உடுப்பில், ஒரே மூக்கோடு நின்றார்கள்.

அடுத்த நாள் படம் வரைபவர்கள் பெண் முள்ளெலியை மூன்று விதமாக வரைந்து சுவரில் ஒட்டினார்கள். ஒன்றுக்கு நீண்ட கண்ணிமை. ஒன்றுக்குத் தலையில் ரிப்பன். மூன்றாவதற்கு உடுப்பு இளஞ்சிவப்பு. ரிப்பனைக் கண்டதும் மேற்பார்வையாளர், "சுழலும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ரிப்பனா? தலையைப் பிய்த்துக்கொண்டு போகும்," என்றார். கண்ணிமை வைத்த முள்ளெலி தூக்கக் கலக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தது. இளஞ்சிவப்பு உடுப்பில் எண்ணெய்க்கறை இரத்தக்கறைபோல இருந்தது. மூன்றையும் பார்த்துப் பார்த்து, வாதாடி, கடைசியில் மூன்றையும் கிழித்தார்கள். முள்ளெலி இருந்தபடியே இருக்கட்டும், குரலை மட்டும் மாற்றுவோம் என்று முடிவாயிற்று.

அதனால் எங்கள் வேலையில் எதுவும் மாறவில்லை. அதே பழுப்பு, அதே சாம்பல், அதே கறை. ஆனால் மேற்பார்வையாளர் ஒவ்வொரு தாளையும் வாங்கும்போது "அவள்" என்றார். நாங்களும் "அவள்" என்று சொல்லப் பழகினோம். எனக்கு அது வாயில் வரச் சிரமப்பட்டது. ஆங்கிலத்தில் அல்ல, வீட்டில், தமிழில்தான் சிக்கல் வந்தது.

அப்போது நாங்கள் மாசி என்ற புறநகரில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கணவருக்கு விரி என்ற பகுதியில் ஒரு பண்டகசாலையில் வேலை. மகளுக்கு ஆறு வயது. பின்னேரங்களில் அவளுக்குத் தலை இழுத்துவிடும்போது நான் முள்ளெலிக் கதை சொல்வேன். அன்றன்று தீட்டிய காட்சியைத்தான் கதையாகச் சொல்வது. கணவர் வீட்டில் நின்றால் அவரும் கேட்டுக்கொண்டிருப்பார்.

"இண்டைக்கு முள்ளெலி என்ன செய்தவன் தெரியுமோ?" என்று தொடங்கினேன். பிறகு நிறுத்தினேன். "என்ன செய்தவள் தெரியுமோ?"

"என்ன, ரெண்டு முள்ளெலியோ?" என்று கேட்டார் கணவர்.

"ஒண்டுதான். நேற்றையிலயிருந்து அது பொம்பிளை."

"அதென்ன கூத்து?"

"வெளிநாட்டிலை கேட்டவையாம். பொம்பிளையளே இல்லையெண்டு."

அவர் கொஞ்சம் யோசித்தார். "முள்ளெலிக்கு ஏன் உமக்கு இவ்வளவு கரைச்சல்? மிருகம்தானே. 'அது' எண்டு சொல்லும், விசயம் முடிஞ்சுது."

சொல்லிப் பார்த்தேன். அது போனது, அது பார்த்தது, அது பம்பைத் திருத்தியது. கதை செத்துப்போயிற்று. தோட்டத்தில் இலைக்குள் உருண்டு கிடக்கும் உண்மையான முள்ளெலிக்கு அது பொருந்தும். தொப்பி போட்டுக்கொண்டு கப்டனோடு சண்டை பிடிக்கும் முள்ளெலியை எப்படி அது என்பது?

மகள் சீப்புக்குள் இருந்து தலையை இழுத்துக்கொண்டு திரும்பினாள். "பட் அம்மா, ஷீ வாஸ் ஆல்வேஸ் எ கேர்ள்."

எப்போதுமே அது பெண்தானாம்.

"ஆர் சொன்னது, பிள்ளை? அம்மா எப்பவும் அவன் எண்டுதானே சொன்னனான்?"

தோளைக் குலுக்கினாள். "யூ டூ த வாய்ஸ். ஸோ ஷீஸ் லைக் யூ."

முள்ளெலி பேசும் இடங்களில் நான்தான் பேசிக் காட்டுவேன். ஆகவே அது என்னைப்போல ஒருத்தி என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். நான் மாதக்கணக்காகச் சொன்ன வந்தான், போனான், செய்தான் ஒன்றுமே அவளிடம் போய்ச் சேரவில்லை. பிள்ளையின் தமிழ் இவ்வளவுதானா என்று கவலைப்படுவதா, என் குரலை அவள் இவ்வளவு கேட்டிருக்கிறாளே என்று மகிழ்வதா என்று எனக்கு விளங்கவில்லை. தலையைப் பின்னிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சாப்பிட வெளியே போயிருந்தார்கள். நான் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டுவிட்டு மறுபடி மேசைக்கு வந்திருந்தேன். படிகளில் மெதுவாக ஏறும் சத்தம் கேட்டது. ஒரு முதியவர் வந்தார். மெல்லிய உயர்ந்த தேகம், கழுத்துப்பட்டி, கையில் ஒரு தகரப் பெட்டி. மேற்பார்வையாளரைப் பார்க்க வந்ததாகச் சொன்னார். இன்னும் வரவில்லை என்றேன். காத்திருக்கலாமா என்று கேட்டுவிட்டு, சுவரில் ஒட்டியிருந்த மற்றப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"இந்த இடத்தில் என்ன நடக்கிறது?"

என்னிடம் இருந்த ஆங்கிலத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு சொன்னேன். "ஷீ இஸ் ரிப்பேரிங் த பம்ப்."

"ஹீ," என்றார் அவர்.

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"ஹீ இஸ் ரிப்பேரிங். ஆணுக்கு ஹீ. பெண்ணுக்கு ஷீ." நக்கலாகச் சொல்லவில்லை. புதிதாக வந்தவளுக்கு உதவி செய்கிறோம் என்ற உண்மையான கரிசனை அந்த முகத்தில் இருந்தது. "உங்கள் மொழியில் அந்த வித்தியாசம் கிடையாதா?"

தமிழில் ஆள் யாரென்று சொல்லாவிட்டாலும் வந்தானா வந்தாளா என்று வினைச்சொல்லே காட்டிக்கொடுத்துவிடும். அதை விளக்க என்னிடம் ஆங்கிலம் போதவில்லை.

"இருக்கிறது," என்றேன். "நிறைய இருக்கிறது."

"அப்படியானால் சொல்லுங்கள் பார்ப்போம்."

"ஹீ இஸ் ரிப்பேரிங் த பம்ப்."

"அருமை!" என்றார். என்னோடு கைகுலுக்கினார். பிறகு, யாரும் கேட்காமலே, தோள்களை உயர்த்திக் கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, மூக்கை ஒருதரம் ஈரமாக உறிஞ்சினார். அதன்பின் சரளைக்கல் உருளுவதுபோன்ற ஒரு குரல் வந்தது. "கப்டன், பிழை இயந்திரத்தில் இல்லை. பிழை உங்களில்!"

பழைய தொடரில் முள்ளெலிக்குக் குரல் கொடுத்தவர் அவர். வரும் செவ்வாய்க்கிழமை மறுபடியும் குரல் பதிவுக்கு வர இருப்பதாகவும், அதற்கு முன்னால் எல்லோருக்கும் பழக் கேக் கொண்டுவந்ததாகவும் சொன்னார். வேறு ஸ்டூடியோக்களில் குரலை முதலில் பதிந்துவிட்டுத்தான் படம் வரைவார்கள். எங்களிடம் எல்லாம் தலைகீழ். மேற்பார்வையாளரே ஒப்புக்கு ஒரு குரல் பதிந்து வைத்திருந்தார்.

முதியவர் தேநீர் அறையில் போய் இருந்தார். நான் தூரிகையைத் தூக்கினேன், வைத்தேன். இவருக்குச் சொல்லவில்லையா? அல்லது சொல்லி, கிழவர் மறந்துவிட்டாரா? அல்லது என்னைத்தான் சோதித்தாரா? அந்தக் குரலைக் கேட்டபின் எனக்குள்ளேயே முள்ளெலி மறுபடி ஆணாகிவிட்டது. நாலு நாளாகப் பழகிய "அவள்" ஒரு நொடியில் போய்விட்டது.

மேற்பார்வையாளர் படியேறி வரும்போதே மறித்துச் சொன்னேன். "உள்ளே ஒரு முதியவர் இருக்கிறார். முள்ளெலி பெண் என்று அவருக்குத் தெரியாது."

அவர் படியில் அப்படியே நின்றார். "தயாரிப்பாளர் தொலைபேசியில் சொல்லிவிட்டேன் என்றாரே."

"சொல்லவில்லைபோல."

தேநீர் அறைக்குக் கண்ணாடிக் கதவு. நானும் சென்னைப் பெண்ணும் தீட்டுவதுபோல இருந்துகொண்டு பார்த்தோம். மேற்பார்வையாளர் நிறையப் பேசினார். முதியவர் தலையாட்டிக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை. ஒருதரம் மட்டும் எழுந்து யன்னலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"பாவம்க்கா. அழுவுறாரா?" என்றாள் அவள்.

"தெரியேல்லை. தெருவைப் பாக்கிறார்போல."

பிறகு திரும்பி வந்து தகரப் பெட்டியைத் திறந்து கேக்கை வெட்டத் தொடங்கினார். மேசை மேசையாகத் தானே கொண்டுவந்து கொடுத்தார். என்னிடம் வந்தபோது ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"நீங்கள் சரியாகத்தான் சொன்னீர்கள். ஏன் என்னைத் திருத்தவில்லை?"

"நீங்கள் சொன்னதும் சரியாக இருக்கலாம் என்று நினைத்தேன்," என்றேன். அது மரியாதைக்குச் சொன்னதல்ல, உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

அவர் சிரித்தார். கையுறையோடு கேக் சாப்பிட முடியாமல் நான் அதைக் கழற்றிக்கொண்டிருந்தபோது ஒரு கதை சொன்னார். அந்தக் காலத்தில் அவர் ஒரு சப்பாத்துக் கடையில் விற்பனையாளர், ஓய்வு நேரத்தில் நாடகம் நடிப்பவர். பழைய தொடருக்கு அவரைக் கூப்பிட்டது ஒரு கடற்பறவையாகக் கத்துவதற்கு மட்டும். முள்ளெலிக்கு ஒரு நடிகை இருந்தாராம். கதையில் அது பெண் முள்ளெலி. பதிவு தொடங்கிய அன்று அந்த நடிகை வரவில்லை. சிட்னிக்குக் கப்பல் ஏறிவிட்டார் என்று பிறகு தெரிந்ததாம். அறை வாடகைக்கு எடுத்தாயிற்று, எல்லோரும் வந்தாயிற்று. நீ பேசு என்று இவரிடம் கொடுத்திருக்கிறார்கள். இவர் பேசியது நன்றாக இருந்ததால், வசனத்தாளில் இருந்த ஷீ எல்லாவற்றையும் பென்சிலால் வெட்டி ஹீ ஆக்கினார்களாம்.

"ஆகவே அவளை அவனாக்கியது நான்தான்," என்றார். "இப்போது திருப்பிக் கொடுக்கிறேன், அவ்வளவுதானே."

சொல்லிவிட்டுக் கேக் துகளை விரலால் ஒற்றி எடுத்தார். முகத்தில் வருத்தமா நிம்மதியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அவர் போனபின் இந்தக் கதையை மேற்பார்வையாளரிடம் சொன்னேன். அவர் நெற்றியைச் சுருக்கினார். "விசித்திரமாக இருக்கிறதே. போன வருடம் என்னிடம், தன் சித்தப்பா ஒருவரைப் பார்த்துத்தான் முள்ளெலியின் நடை, பேச்சு எல்லாவற்றையும் தானே உருவாக்கியதாகச் சொன்னார். நடிகை எவரைப் பற்றியும் சொல்லவில்லை."

"அப்ப எது உண்மை?" என்று சென்னைப் பெண்ணிடம் தமிழில் கேட்டேன்.

"ரெண்டும் உண்மையா இருக்கலாம். இல்ல, மானத்தக் காப்பாத்திக்க அந்த நிமிசமே ஒரு கதை விட்டிருக்கலாம். எனக்கு என்னக்கா தெரியும்?"

எனக்கும் தெரியவில்லை. முதலில் ஆண், பிறகு பெண் என்பதை விழுங்கவே எனக்கு ஒரு கிழமை பிடித்தது. முதலில் பெண், பிறகு ஆண், பிறகு மறுபடி பெண் என்றால், என் மகள் சொன்னதுதான் சரியா? அன்று பஸ்ஸில் மாசிக்குத் திரும்பும்போது மோட்டர்வேயில் வாகனங்கள் நகராமல் நின்றன. ஏமாற்றப்பட்டவர் என்று அந்த முதியவருக்காக இரங்குவதா, வேடம் மறுபடி ஒரு பெண்ணிடமே போகிறதென்று வராமல் போன அந்த நடிகைக்காகச் சந்தோசப்படுவதா, அப்படி ஒரு நடிகை உண்மையில் இருந்தாரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை பதிவுக்கு ஒரு இளம் நடிகை வந்தார். சின்ன உருவம், ஆனால் குரல் நன்றாகவே இருந்தது. கப்டனை அதட்டும்போது மேல்மாடி முழுக்கக் கேட்டது. ஒன்றுதான் சரிவரவில்லை. முள்ளெலி ஒவ்வொரு முறையும் பேசுமுன் மூக்கை உறிஞ்சும். அது பழைய தொடரிலேயே இருந்த பழக்கம். படத்திலும் மூக்கு அசைவது வரைந்தாயிற்று, நாங்கள் தீட்டியும் ஆயிற்று. அந்தப் பெண் உறிஞ்சினால் தடிமன் பிடித்தவர்போல இருந்தது. இல்லாவிட்டால் அழுகையை அடக்குபவர்போல இருந்தது. மத்தியானத்துக்குள் அவர் மூக்கு சிவந்துவிட்டது. மேற்பார்வையாளர் என்னைத் தாண்டிப் போகும்போது, "நான் அந்த மனிதரை எந்த முகத்தோடு கூப்பிடுவது?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போனார்.

ஆனாலும் கூப்பிட்டார். மறுநாள் முதியவர் வந்தார், அதே கழுத்துப்பட்டியோடு. அந்தப் பெண்ணை எதிரே இருத்தி, தோளைத் தூக்கு, கழுத்தை இழு, மூக்கால் அல்ல, தொண்டையின் பின்பக்கத்தால் இழு என்று காட்டிக்கொடுத்தார். அந்தப் பெண் செய்து பார்த்து, இருமி, சிரித்து, இருவரும் சிரித்தார்கள். கடைசியில் அந்தப் பெண்ணே சொன்னாராம்: "வார்த்தைகளை நான் பேசுகிறேன். உறிஞ்சலை நீங்களே செய்துவிடுங்கள்."

அப்படியே செய்தார்கள். இரண்டு ஒலிவாங்கிகள், இரண்டு கதிரைகள். முதலில் அவர் உறிஞ்சுவார். உடனே அந்தப் பெண் பேசுவார். முதல் ஒத்திகையின்போது, கதவு மூடும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு, தன் முறை வரும்வரை இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். உறிஞ்சி முடித்ததும், அடுத்து வரப்போகும் வசனத்தைச் சத்தமில்லாமல் அவர் உதடுகள் சொல்லிக்கொண்டிருந்தன. அந்த நேரத்தில் அவருக்குச் சந்தோசமா என்று கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. கேட்கிற அளவுக்குப் பழக்கம் இல்லை. பதிவு முடிந்ததும் எல்லோருக்கும் கையசைத்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதன்பிறகு நான் அவரைக் காணவில்லை.

தொடர் அடுத்த வருடக் கோடையில், சனிக்கிழமைக் காலைகளில் ஒளிபரப்பானது. முதல் நாள் நாங்கள் மூவரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தோம். நான் தீட்டிய தாள்கள் ஒரு நொடிக்குள் நாலைந்தாக ஓடி மறைந்தன. எது என்னுடையது என்று அடையாளம் காணவே முடியவில்லை. மகள் பாணையும் ஜாமையும் வாயில் வைத்தபடி அசையாமல் பார்த்தாள். படகு நடுக்கடலில் நின்றது. முள்ளெலி இயந்திர அறையிலிருந்து தலையை நீட்டி, ஈரமாக ஒரு உறிஞ்சு உறிஞ்சிவிட்டு, கணீரென்ற பெண் குரலில் கப்டனைத் திட்டத் தொடங்கியது.

கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். "மூக்கை உறிஞ்சிற விதத்தைப் பாரும்! அந்தப் பிள்ளை கெட்டிக்காரிதான்."

"அது அந்தப் பிள்ளை இல்லை. அது ஒரு வயசான ஐயா."

"எது?"

"உறிஞ்சிறது. பேசிறதுதான் அந்தப் பிள்ளை."

அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப முள்ளெலி ஆம்பிளையோ பொம்பிளையோ?"

"பொம்பிளை."

"ஆனா மூச்சு ஆம்பிளையின்ரை."

"ஓம்."

"எனக்கு விளங்கேல்லை."

"எனக்கும்தான்," என்றேன். மகள் எங்கள் இருவரையும் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். முள்ளெலி பம்பைத் திருத்திக்கொண்டிருந்தது.